பாட்டு எங்கிருந்து வந்தது?

சென்ற தை மாதம் ஆமத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற வழியில் இருக்கிறது ஆமத்தூர். கரிசல் காடு, மழையை நம்பிய வெள்ளாமை. மழை ஏமாற்றினால் தீப்பெட்டியும் பட்டாசும்தான் சோறு போடும். கல்யாண வீட்டார் பட்டாசுத் தொழிலை ஒட்டியவர்கள் ஆனதால் வாண வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. மாப்பிள்ளை அழைப்பின்போது முன்னால் பேண்டு வாத்தியம் போயிற்று. பக்திப் பாட்டில் ஆரம்பித்துச் சினிமாப் பாட்டுக்கு வந்தார்கள். கடைசியில் ஜனங்கள் விரும்பிக் கேட்டதன் பேரில் 'சுராங்கனி'யை எடுத்தார்கள். அவ்வளவுதான். அதுவரை சட்டை கசங்காமல் நடந்து வந்த பெரியவர்கள்கூடத் தோளைக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் பக்கத்தில் நடந்து வந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எழுபத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்து, "நீங்க நாலு புஸ்தகம் படிச்சவுக. இந்தப் பாட்டு எந்த ஊருச் சரக்கு?" என்று கேட்டார்.

"சிலோன் பாட்டு, ஐயா. சிலோன் மனோகர் பாடிப் பிரபலமாக்கியது" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். சிலோன்ல எங்க அத்தை வீடு இருந்துச்சு. அங்க தேயிலைக் காட்டுல பாடுற பாட்டு வேற, இது வேற. சிலோனுக்கு இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேக்கேன்" என்றார்.

நான் அப்பொழுது சரியாகப் பதில் சொல்லவில்லை. பேண்டு சத்தத்தில் சொல்லக்கூடிய பதிலும் அல்ல அது. வீட்டுக்கு வந்து சில புத்தகங்களைப் புரட்டிய பிறகு, வாத்தியார் ஐயா கேட்ட கேள்வி ஒரு பெரிய விஷயத்தின் நுனி என்று தெரிந்தது. அந்த விஷயத்தைப் பற்றி இதுவரை நடந்திருக்கும் வேலைகளை ஒரு நாவலாசிரியனின் கண்ணோடு பார்த்து, எனக்குத் தோன்றும் நிறை குறைகளைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

'சுராங்கனி' பைலா வகைப் பாட்டு. பைலா என்ற சொல்லே போர்த்துகீசிய மொழியில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இலங்கையில் போர்த்துகீசியர் ஆட்சி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற ஆட்டமும் பாட்டும் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் நிலைத்துவிட்டன. அந்த ஆட்டங்களில் ஒன்றுக்குக் 'காப்ரிஞ்ஞா' என்று பெயர். இந்த நூற்றாண்டிலும் மட்டக்களப்புப் பறங்கியர்கள் கல்யாண வீடுகளில் அதை ஆடுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் அதே தாளத்தில் சிங்களச் சொற்களைப் போட்டுப் பாடினார். பைலா நாடெங்கும் பரவிற்று. அங்கிருந்து கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு அது வந்து சேர்ந்தது.

காப்ரிஞ்ஞா என்ற பெயரைக் கவனியுங்கள். 'காப்ரி' என்பது ஆப்பிரிக்கரைக் குறித்துப் போர்த்துகீசியர் வழங்கிய சொல். தமிழில் நாம் காப்பிரி என்கிறோமே, அதே சொல்தான். அரபு வியாபாரிகள் வேறு மதத்தாரைக் குறிக்கச் சொன்ன சொல், போர்த்துகீசியர் வாயில் ஓர் இனத்தின் பெயராகி, நம் பேச்சுக்கும் வந்து சேர்ந்தது. ஆமத்தூர்க் கல்யாணத்தில் நாங்கள் தோளைக் குலுக்கிய தாளத்துக்கு முன்னோர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் ஆப்பிரிக்கர் என்பதை அதன் பழைய பெயர் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

ஆப்பிரிக்கர்கள் இலங்கைக்குத் தாங்களாக வரவில்லை. போர்த்துகீசியர் கொண்டு வந்தார்கள். டச்சுக்காரர் கொண்டு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயக் கவர்னர்களும் மொசாம்பிக்கிலிருந்தும் கோவாவிலிருந்தும் ஆட்களை விலைக்கு வாங்கிப் பட்டாளத்தில் சேர்த்தார்கள். கண்டி ராஜ்யத்தோடு நடந்த சண்டைகளில் அவர்கள் ஆங்கிலேயர் பக்கம் நின்று செத்தார்கள். பட்டாளம் கலைக்கப்பட்டபின் எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் புத்தளம் பக்கத்தில் தங்கிவிட்டார்கள்.

புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் அவர்களுடைய சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள். சில குடும்பங்கள்தான். கத்தோலிக்கர்கள். சிங்களவரோடும் தமிழரோடும் கொண்டு கொடுத்துக் கலந்துவிட்டார்கள், பேசுவது சிங்களம். முன்பு அவர்களுடைய வீட்டு மொழி போர்த்துகீசியம் கலந்து திரிந்த ஒரு கிரியோல் மொழி. அது பேச்சிலிருந்து ஏறக்குறையப் போய்விட்டது. ஆனால் பாட்டில் இருக்கிறது. 'மஞ்ஞா' என்று அந்தப் பாட்டுகளுக்குப் பெயர். கண்ணாடிப் புட்டியில் கரண்டியால் தட்டுவார்கள். தேங்காய்ச் சிரட்டையை ஒன்றோடொன்று அடிப்பார்கள். மெதுவாக ஆரம்பித்து வேகம் கூட்டிக்கொண்டே போவார்கள். பாடுகிறவர்களில் பலருக்குச் சொல்லின் அர்த்தம் முழுவதும் தெரியாது. பாட்டி பாடினாள், அம்மா பாடினாள், நான் பாடுகிறேன் என்பதுதான் அர்த்தம்.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சியாளருக்கு வேலை வருகிறது. சிரம்பியடிக்குப் பல ஆண்டுகளாகப் போய் வந்து எழுதியிருப்பவர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய என்ற அம்மையார். நிறத்தையும் தலைமயிரையும் பார்த்து 'இவர்கள் யார்?' என்று கேட்பது வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் வழக்கம். ஜயசூரிய அம்மையார் காதால் கேட்க ஆரம்பித்தார். பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டு, எழுதி, கிரியோல் சொற்களைப் பிரித்துப் பொருள் தேடினார். பாட்டியிடம் இருந்த ஒலிக்கும் பண்டிதரிடம் இருந்த அகராதிக்கும் நடுவே ஒரு பாலம் போட்டார் என்று சொல்லலாம். மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் பேசும் கிரியோல் மொழிக்கு லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹியூகோ கார்டோசோ இதே மாதிரி உழைத்திருக்கிறார். இரண்டு இடத்திலும் அந்த ஜனங்கள் உட்கார்ந்து வாய் திறந்திராவிட்டால் பண்டிதருக்கு ஒரு வரிகூடக் கிடைத்திராது. பண்டிதர் வந்திராவிட்டால் பாட்டிக்குத் தன் பாட்டின் பொருளும் பயணமும் தெரிந்திராது.

இப்படிப்பட்ட வேலைகளை எடை போட எனக்கு ஒரு படிக்கல் உண்டு. அது நம் ஊர்ச் சரக்கு. 1960களில் பேராசிரியர் நா. வானமாமலை திரட்டி வெளியிட்ட 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' புத்தகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பாட்டுக்கு அடியில் சின்னதாகச் சில வரிகள் இருக்கும். உதவியவர் இன்னார், சேகரித்தவர் இன்னார், இடம் இன்னது. எஸ். எஸ். போத்தையா, எஸ். எம். கார்க்கி முதலிய கிராமத்து அன்பர்கள் தெருத் தெருவாக அலைந்து சேகரித்ததைப் பேராசிரியர் தம் பேரில் மாத்திரம் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் 1982ல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டு வந்தபோதும் இதே கதைதான். சம்சாரிகளும் சிநேகிதர்களும் சொல் சொல்லாகக் கொடுத்தார்கள், அகராதி ஆயிற்று. ஒரு ஜனத்தின் பழஞ்சொத்தை எடுத்து வெளிச்சத்தில் வைக்கிறவர்கள் அந்த மூன்று வரிகளைப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். யார் கொடுத்தார், யார் எழுதிக்கொண்டார், எந்த மண்ணில். மூன்றும் இருந்தால் அது கூட்டு முயற்சி. முதல் வரி இல்லாவிட்டால் எவ்வளவு அழகான புத்தகமாயிருந்தாலும் அது ஜப்தி.

இந்தப் படிக்கல்லை வைத்துக்கொண்டு நம் நாட்டுப் பக்கம் பார்ப்போம். இந்தியாவில் ஆப்பிரிக்க வம்சத்தவரைச் சித்திகள் என்கிறோம். குஜராத்திலும் கர்நாடகத்திலும் ஹைதராபாத்திலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி உலகத்தின் கவனத்தைத் திருப்பிய முயற்சிகளில் பெரியது, 2013ல் நியூயார்க்கின் ஷோம்பர்க் ஆராய்ச்சி நிலையம் நடத்திய படக் கண்காட்சி. சரித்திர ஆசிரியை சில்வியான் டியூப், ஓவியம் முதலியவற்றைச் சேகரிக்கும் கென்னத் ராபின்ஸ் இருவரும் சேர்ந்து அமைத்தது. 2014ல் தில்லிக்கும் வந்தது. தளபதிகளிலிருந்து அரசர்கள் வரை இந்தியாவில் உயர்ந்த ஆப்பிரிக்கர்கள் என்பது அதன் பொருள்.

பிரமாதமான விஷயந்தான். எத்தியோப்பியாவில் பிறந்து, கைக்குக் கை விற்கப்பட்டு, தக்காணத்துக்கு வந்து, அகமதுநகர் ராஜ்யத்தையே நடத்திய மாலிக் அம்பரின் கதையை எந்த நாவலாசிரியன் வேண்டாமென்பான்? மொகலாயப் படையை வருஷக் கணக்கில் திணற அடித்தவர். அவர் 1610ல் கட்டிய கட்கிதான் பின்னால் அவுரங்காபாத் ஆயிற்று. அந்த ஊருக்குப் பூமிக்கடியில் கால்வாய் வைத்துத் தண்ணீர் கொண்டு வந்தார். 1626ல் காலமானார். ஆமதாபாத்தில் 1573ல் முடிந்த சித்தி சையது மசூதியின் கல் ஜன்னலைப் பாராத சுற்றுலாப் பயணி உண்டா? ஜஞ்சிராத் தீவில் சித்தி நவாபுகளின் ஆட்சி 1948 வரைக்கும் இருந்தது. இத்தனையும் மறந்து கிடந்தது தப்பு. எடுத்துக் காட்டியது புண்ணியம்.

ஆனாலும் அந்தக் கண்காட்சியைப் பற்றி யோசிக்கிறபோது எனக்கு ஒரு நெருடல். நமக்கு இது பழகின நோய் அல்லவா? நம் ஜில்லாக்களில் ஜாதிக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு ராஜா. சுவரொட்டியில் கிரீடம் வைத்து வாள் கொடுத்து, 'ஆண்ட பரம்பரை' என்று எழுதிவிடுகிறார்கள். ஆளாத பரம்பரையே தமிழ்நாட்டில் இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு மண்ணை உழுதவன் யார், குளத்தை வெட்டினவன் யார், தீப்பெட்டி ஒட்டினவள் யார்? சரித்திர நாவல் எழுதுகிற எங்கள் கூட்டத்துக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு; ஒப்புக்கொள்கிறேன். ராஜாவைக் கண்டுபிடித்தால்தான் மரியாதை என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்.

ஒரு மாலிக் அம்பர் மந்திரியானார். அவரோடு கப்பலில் வந்து, மந்திரி ஆகாமல், பெயர் தெரியாமல் செத்தவர்களுக்குப் பாரம்பரியம் இல்லையா? அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று காட்டோரத்தில் கூலி வேலை செய்தால், அவர்கள் மாலிக் அம்பரைக் காட்டித்தான் மதிப்புக் கேட்க வேண்டுமா? கண்காட்சியில் உள்ள படங்களுக்குக் கீழே 'சேகரித்தவர்' உண்டு, 'இடம்' உண்டு. 'உதவியவர்' என்ற வரிக்குச் சித்தி ஜனங்கள் வேண்டியிருக்கவில்லை. நவாபுகளின் படங்கள் நவாபுகள் வீட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

அதற்கு நேர் எதிரான முயற்சி ஒன்று கர்நாடகத்து வட கன்னட ஜில்லாவில் நடந்தது. எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காடுகளில் சித்திகள் வாழ்கிறார்கள். அவர்கள் முன்னோரில் பெரும்பாலோர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பலர் தப்பி ஓடிக் காட்டில் குடியேறினார்கள். அவர்களில் இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு. 2003ல்தான் அங்கே அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அதற்காகச் சித்திகளே வருஷக் கணக்கில் சங்கம் வைத்து மனுப்போட்டு நடந்தார்கள். 2020ல் அவர்களில் ஒருவரான சாந்தாராம் சித்தி கர்நாடக மேல்சபைக்கு நியமிக்கப்பட்டார்.

அந்தச் சித்திப் பெண்கள் பழைய சேலை, சட்டைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் படுக்கை விரிப்புக்குக் 'கவந்தி' என்று பெயர். ஒரு மூலையில் ஆரம்பித்து ஓரமாகவே சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் சின்னத் துணித் துண்டை மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் 'பூல', அதாவது பூ என்று பேர். பூ வைக்காத கவந்தி முடிந்த கவந்தி அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ட்ரூவல் என்ற ஆப்பிரிக்கக் கலை ஆராய்ச்சியாளர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போனார். கவந்தியைப் பார்த்தார். அந்தப் பெண்களோடு சேர்ந்து ஒரு கூட்டுறவு அமைப்பு ஏற்படத் துணை நின்றார். அமெரிக்கக் கண்காட்சிகளுக்குக் கவந்திகள் போயின. தைத்தவளுக்குக் காசு வந்தது. தைத்தவள் பேரும் கூடப் போயிற்று.

என் படிக்கல்லுக்கு இது நன்றாக நிற்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்வேன். ஆப்பிரிக்கக் கலை படித்தவர் கண்ணுக்கு ஒவ்வொரு தையலிலும் ஆப்பிரிக்கா தெரிவது சுலபம். ஆனால் வட கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஏழைக் குடித்தனங்கள் எல்லாவற்றிலுமே இம்மாதிரி விரிப்புத் தைக்கிறார்கள். நம் பக்கத்துப் பாட்டிமாரும் பழைய சேலையை நாலாய் மடித்து ஓடு தையல் போட்டுப் பிள்ளையைப் போட்டு வைத்தார்கள். ஆகவே கவந்தி முழுக்க ஆப்பிரிக்கா அல்ல. முழுக்கத் தக்காணமும் அல்ல. குளிருக்கு ஒடுங்கிய பிள்ளைகளுக்காகச் சித்திப் பெண் தானே கண்டுகொண்ட வழி. அவள் கையில் இருப்பதற்கு எங்கோ உள்ள கண்டத்திலிருந்து நற்சாட்சிப் பத்திரம் வாங்கினால்தான் மதிப்பு என்று ஆகிவிடக் கூடாது.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. 1980களில் ஹெக்கோட்டில் உள்ள நீநாசம் நாடக அமைப்பினர், மஞ்சிகேரிச் சித்திகளை நடிகர்களாக வைத்துக் கன்னடத்தில் ஒரு நாடகம் போட்டார்கள். கதை சினுவா அச்சிபியுடையது. நைஜீரியாவில் பிறந்த அவர் 1958ல் வெளியிட்ட நாவல். தமிழிலும் 'சிதைவுகள்' என்ற பெயரில் வந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்று வெள்ளைக்காரன் வரவால் குலைவதைச் சொல்லும் கதை. பல தலைமுறைக்கு முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து பிடுங்கப்பட்டவர்களின் சந்ததியார், கன்னட நாட்டுக் காட்டோரத்தில் நின்று அந்தக் கதையைக் கன்னடத்தில் பேசினார்கள். யாரும் அவர்களைப் பார்த்து 'உங்கள் ஆட்டத்தை ஆடிக் காட்டுங்கள்' என்று சொல்லவில்லை. 'இந்தாருங்கள் ஒரு நாவல், இதை என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார்கள். காட்சிப் பொருளாய் நிற்பதற்கும் கலைஞனாய் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அந்த ஊரிலிருந்து பின்னால் நல்ல நடிகர்களும் நடிகைகளும் வந்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

சந்ததி இருக்கிற இடத்துக் கதை இவ்வளவு. சந்ததியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? இதற்குப் பதில் கொச்சியில் இருக்கிறது. மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் மரத்தடியிலும் மதிலோரத்திலும் 'காப்பிரி முத்தப்பன்' என்ற தெய்வத்துக்கு விளக்கு வைக்கிறார்கள். 1663ல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது, ஓடிப்போகிற போர்த்துகீசியர் தங்கள் பொக்கிஷத்தைப் புதைத்து, அதைக் காக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று அங்கேயே போட்டார்கள் என்பது ஊர்க் கதை. முத்தப்பனுக்குப் படையல் சுருட்டு, கள், புட்டு, இறைச்சி. ஜாதி மதம் பாராமல் ஜனங்கள் நேர்ந்துகொள்கிறார்கள். நீலிமா ஜெயச்சந்திரன் போன்ற ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சன்னிதிகளைத் தேடிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கல்வெட்டு இல்லை, தஸ்தாவேஜு இல்லை. எரிகிற மெழுகுவர்த்திதான் ஆதாரம்.

இதை ஆமத்தூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. சுருட்டும் சாராயமும் வாங்கிக்கொள்கிற சாமிகள் நம் கரிசல் காட்டிலும் எல்லைக்கு எல்லை நிற்கின்றன. அநியாயமாகக் கொல்லப்பட்டவனைச் சாமியாக்கிக் கும்பிடுவது நம் ஜனங்களின் வழக்கம். பயமும் இருக்கிறது அதில். 'உனக்கு நடந்தது அநியாயம், எங்களுக்குத் தெரியும்' என்று ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இருக்கிறது. கொச்சியில் செத்தவனுக்கு அழ உறவு இல்லை. சுருட்டுக் கொளுத்தி வைக்க ஊர் இருந்தது. உறவில்லாதவர்கள் கொடுத்த அங்கீகாரம் அது.

அந்த நேர்மைக்கு எதிர்ப்புறமாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொழும்பில் ஏரிக்கரையில் ஒரு பேட்டை. டச்சுக் கொம்பனி தன் அடிமைகளை இரவில் அங்கேதான் அடைத்து வைத்தது. ஆப்பிரிக்கர் மட்டுமல்ல, இந்தியர்களும் கீழைத் தீவுக்காரர்களும் அந்த அடிமைகளில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு 'அடிமைத் தீவு' என்று அர்த்தப்படும் பெயர் நிலைத்தது. தமிழில் நாம் கொம்பனித் தெரு என்கிறோம். ஒரு பெயரில் அடிமை நிற்கிறான். மற்றொரு பெயரில் எஜமான் நிற்கிறான். 2022ல் ஆங்கிலப் பெயரையும் எடுத்துவிட்டு எல்லா மொழியிலும் கொம்பனித் தெரு என்று பொருள்படும் பெயரையே வழங்குவதென்று இலங்கை அரசாங்கத்தார் தீர்மானித்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்திருக்கலாம். இழிவான சொல் போகட்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் போனது யார் பெயர், மிஞ்சியது யார் பெயர் என்று பாருங்கள். விலைக்கு வாங்கின கொம்பனி தெருப் பெயராக நின்றுவிட்டது. விலைப்பட்டவன் இருந்த அடையாளம் போய்விட்டது.

காப்பிரி என்ற சொல்லிலும் இந்தச் சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல்லை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் கடும் வசை. சிரம்பியடியிலோ அந்த ஜனங்கள் தங்களைத் தாங்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள், வெட்கப்படவில்லை. எது சரி என்று மூன்றாம் மனிதன் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெயரைச் சுமக்கிறவனைக் கேட்க வேண்டும். கேட்பதுதான் இந்த வேலையில் பாதி.

'எங்கேயோ உள்ள காப்பிரி கதை நமக்கெதற்கு?' என்று வாசகர்களில் சிலர் நினைக்கலாம். நம் கதையும் இதில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த வருஷங்களில், பழவேற்காடு முதலிய சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து டச்சுக்காரர் தமிழ் ஜனங்களை வாங்கி பதேவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றினார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப் நகருக்கும் இந்தியக் கரைகளிலிருந்து அடிமைகள் போனார்கள். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. இரு திசையிலும் ஒரே கொம்பனிதான் ஆள் பிடித்தது. பிறகு 1830களில் மொரீஷியஸில் அடிமை முறை ஒழிந்தபோது, ஆப்பிரிக்கன் விட்டுச் சென்ற கரும்புக் காட்டில் கூலியாக இறங்கியவர்களில் தமிழர்களும் உண்டு. அங்கே கூலிகள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006லும், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்த லெ மோர்ன் மலை 2008லும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. 2009ல் மொரீஷியஸ் அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் வைத்து, அடிமைகளின் சந்ததி, கூலிகளின் சந்ததி இரண்டையும் சேர்த்தே விசாரித்தது. 2011ல் அறிக்கை வந்தது. இரண்டு துக்கத்தையும் ஒரே தாளில் எழுதலாம் என்று அந்தச் சின்னத் தீவு காட்டியிருக்கிறது.

தமிழ்க் கதையுலகம் கூலியாகப் போனவர்களை ஓரளவு நினைத்திருக்கிறது. புதுமைப்பித்தன் காலத்திலேயே தேயிலைத் தோட்டம் நம் கதைக்குள் வந்துவிட்டது. நம்மோடு ஒரே கரையில் இறக்கப்பட்ட மற்றவரை நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டை வாங்கிக்கொண்டோம், பாடினவரைக் கேட்கவில்லை. இந்தக் குறையை நான் பிறர் மேல் போடவில்லை. என் புத்தகங்களிலும் அப்படி ஒருவர் இல்லை.

போன வாரம் மறுபடி விருதுநகர்ப் பக்கம் போக நேர்ந்தது. ஆமத்தூரில் இறங்கி வாத்தியார் ஐயாவைப் பார்த்து, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சிரம்பியடிப் பாட்டியின் கண்ணாடிப் புட்டியும் கரண்டியும் வந்த இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து, "எங்க அத்தையும் சொல்லுவா, புத்தளத்துப் பக்கம் சுருட்டை முடிக்காரங்க இருந்தாங்கன்னு. நாங்க சின்னப் பிள்ளைக, சிரிச்சுட்டோம். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல" என்றார்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, பக்கத்துத் தெருவில் இருந்த பேண்டு செட்டுக்காரரைக் கூட்டி வரப் பேரனை அனுப்பினார். அவர் வந்ததும், "ஏப்பா, நீ வாசிச்சியே அந்தப் பாட்டு, அது யார் பாட்டுன்னு ஐயா சொல்லுதாக. கேட்டுக்கோ" என்றார். பேண்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்தார். "சொல்லுங்கய்யா. பாடினவரு பேரு தெரியும், பாட்டோட பேரு தெரியாது" என்றார்.

நான் முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.